புயல் கூண்டு, ரெட் அலர்ட், சூறாவளிக்காற்று: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கக்கடலில் ஒரு சுழற்சி கிளம்பினால் போதும், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எல்லார் கைபேசியிலும் எச்சரிக்கைகள் குவிந்துவிடும். துறைமுகத்துக்கு ஒரு எண், மாவட்டத்துக்கு ஒரு நிறம், மீனவர்களுக்கு ஒரு காற்று வேகம். இவை மூன்றும் வேறு வேறு ஆட்களுக்காக விடப்படுபவை. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணிக்கப் போவதால்தான் பாதிக் குழப்பம்.

கூண்டு எண் யாருக்காக ஏற்றப்படுகிறது?

கப்பல்களுக்காக. துறைமுகத்தில் நிற்கும் கப்பல், உள்ளே வரக் காத்திருக்கும் கப்பல், கிளம்பத் தயாராக இருக்கும் கப்பல் ஆகியவற்றின் மாலுமிகள் தூரத்திலிருந்தே பார்த்துப் புரிந்துகொள்வதற்கான அடையாளம் அது. பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகளைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். வானிலை ஆய்வு மையம் சொல்ல, துறைமுகம் ஏற்றும். கொடுங்கையூரில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது.

1 முதல் 11 வரை ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள்?

1, 2 இரண்டும் தொலைதூர எச்சரிக்கை. 1 என்றால் தூரக் கடலில் தாழ்வு மண்டலம் இருக்கிறது, துறைமுகத்துக்குப் பாதிப்பில்லை. 2 என்றால் தூரத்தில் புயலே உருவாகிவிட்டது, துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல் அதில் போய் மாட்டலாம்.

3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 3 வந்தால் துறைமுகத்தில் பலத்த காற்றும் மோசமான வானிலையும் இருக்கும். 4 வந்தால் கடலில் உள்ள புயல் பிற்பாடு இந்தத் துறைமுகத்தைத் தாக்கக்கூடும்.

5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம், அதாவது தீவிர புயல். இரண்டு வரிசையும் ஒரே அமைப்புதான்: முதல் எண்ணில் (5, 8) துறைமுகம் புயல் பாதையின் இடப்பக்கம் இருக்கும், இரண்டாவதில் (6, 9) வலப்பக்கம் இருக்கும், மூன்றாவதில் (7, 10) புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கரையைக் கடக்கும்.

11 என்பது 10-ஐ விடப் பெரிய புயல் இல்லை. எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, இனி நிலைமையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள்.

இடது, வலது என்றால் யாருக்கு இடது?

புயலுக்கு. செய்தியில் “புயல் துறைமுகத்தின் இடது பக்கமாகக் கடக்கும்” என்று வாசித்துவிடுவார்கள், அது தலைகீழ். புயல் போகும் திசையைப் பார்த்து நின்றால் துறைமுகம் எந்தக் கைப்பக்கம் வருகிறது என்பதே கணக்கு. நமக்கு வரும் புயல் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே நகரும். மேற்கே பார்த்து நின்றால் இடக்கை தெற்கு. ஆக, சென்னைத் துறைமுகத்தில் 5 அல்லது 8 ஏற்றினால், புயல் நமக்கு வடக்கே, பழவேற்காடு, ஸ்ரீஹரிகோட்டா பக்கமாகப் போகிறது. 6 அல்லது 9 என்றால் நமக்குத் தெற்கே, மாமல்லபுரம், மரக்காணம் பக்கமாகப் போகிறது.

5-க்கும் 6-க்கும் ஒரு எண்தானே வித்தியாசம், அதில் என்ன இருக்கிறது?

காசிமேட்டுக்காரருக்கு அதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் பக்கத்துப் புயல் கடிகாரச் சுற்றுக்கு எதிராகச் சுழலும். அது தெற்கே கடந்தால் நமக்குக் காற்று கிழக்கிலிருந்து, கடலிலிருந்து கரை நோக்கி அடிக்கும். கடல்நீரைக் கரை மேல் தள்ளும். துறைமுகத்துக்குள் அலை ஏறும். எண்ணூர் விரைவுச்சாலையில் கொட்டிய கற்களைத் தாண்டித் தண்ணீர் ரோட்டுக்கு வரும். வடக்கே கடந்தால் காற்று மேற்கிலிருந்து அடித்து நீரைக் கடலுக்குள்ளேயே தள்ளும். மழை இருக்கும், மரமும் விழும், ஆனால் கடல் அந்த அளவுக்கு ஏறாது.

2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. ராயபுரத்திலிருந்து பார்த்தால் ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே. இருந்தும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன, சில மூழ்கின. “நமக்கு வரல, மகாபலிபுரம்தான்” என்று நிம்மதியாகப் படுப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

வீட்டிலிருந்தே பார்க்க ஒரு வழி உண்டு. காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். புயலின் மையம் ஏறக்குறைய உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். கிழக்குக் காற்று முதுகில் அடித்தால் மையம் தெற்கே. வடக்குக் காற்று அடித்தால் மையம் கிழக்கே, இன்னும் கடலில். கட்டடங்களுக்கு நடுவே காற்று திசை மாறி அடிக்கும் என்பதால் மொட்டை மாடியில் அல்லது கடற்கரைத் திறப்பில் பார்த்தால்தான் சரியாக வரும். அதையும் காற்று வலுப்பதற்கு முன்பே பாருங்கள்.

சில சிறு துறைமுகங்களில் 5, 6 ஏற்றியதாகச் செய்தியே வருவதில்லையே?

சிறிய கலங்கள் மட்டும் வந்து போகும் துறைமுகங்களுக்குச் சுருக்க முறை ஒன்று உண்டு. அங்கே 3, 4, 7, 10, 11 ஆகிய ஐந்து மட்டுமே. அதனால் ஒரே புயலுக்குப் பக்கத்துப் பக்கத்து ஊரில் வேறு வேறு எண் இருந்தால் யாரோ தப்பாக ஏற்றிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல்: எங்கே எது மாறுகிறது?

காற்றின் வேகத்தில். மையத்தைச் சுற்றி மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழே இருந்தால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 50 வரை தாழ்வு மண்டலம். 51 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல், அப்போதுதான் பெயர். 89-ல் தீவிர புயல், 118-ல் மிகத் தீவிர புயல். 222-க்கு மேல் போனால் சூப்பர் புயல்.

இந்த ஏணியில் மழை எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். “வெறும் தாழ்வுப் பகுதிதான், புயலா ஆகல” என்பது ஆறுதல் சொல்லும் பேச்சு அல்ல. மெதுவாக நகரும் தாழ்வுப் பகுதி வேகமாக ஓடிப்போகும் புயலை விட அதிகம் கொட்டும்.

மீனவர் எச்சரிக்கையில் “சூறாவளிக்காற்று 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 கி.மீ.” என்று வருகிறது. புயல் வரப்போகிறதா?

இந்த வரிக்கு அப்படிப் பொருள் இல்லை. அறிக்கையில் சூறாவளிக்காற்று என்பது திடீர் திடீரென்று வலுத்து வீசும் காற்று. புயல் எதுவும் இல்லாத ஆனி, ஆடியிலும் தென்மேற்குப் பருவக்காற்று நாட்களில் இதே வாக்கியம் வரும். பேச்சுவழக்கில் சூறாவளி என்றால் புயல் என்றே பலரும் எடுத்துக்கொள்வதால் வருகிற பதற்றம் இது. வாட்ஸ்அப்பில் “சென்னைக்கு சூறாவளி” என்று ஓடும் செய்திகளில் பல, இந்த ஒற்றை வரியை வெட்டி ஒட்டியவை.

முதலில் வரும் 45–55 தொடர்ந்து வீசும் வேகம். “இடையிடையே” என்று வருவது சில நொடிகள் பாய்ந்து அடிக்கும் வேகம். படகைக் கவிழ்ப்பதும் ஓட்டைப் பெயர்ப்பதும் பெரும்பாலும் இரண்டாவது எண்தான், ஆகவே அதைப் பாருங்கள். நாட் (knot, கடலில் வேகத்தைச் சொல்லும் அளவு) கணக்கில் சொன்னால் 1.85-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும்.

அதே அறிக்கையில் கடல் “சீற்றம்” என்றால் அலை உயரம் இரண்டரை முதல் நான்கு மீட்டர். “மிகுந்த சீற்றம்” என்றால் நான்கு முதல் ஆறு மீட்டர். ஃபைபர் படகுக்கு முதலாவதே அதிகம்.

ரெட் அலர்ட் என்றால் வெளியே தலைகாட்டக் கூடாதா?

நிறம் சொல்வது என்ன செய்ய வேண்டும் என்பதை. மஞ்சள்: கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு: தயாராகுங்கள். சிவப்பு: செயல்படுங்கள். முதலில் செயல்பட வேண்டியது மாநகராட்சி, மின்வாரியம், வருவாய்த் துறை. ஆனால் தாழ்வான இடத்தில் இருப்பவர்களுக்கும் அது பொருந்தும். பெரும்பாலும் மழை அளவை வைத்து நிறம் வரும்: 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. கனமழை, 12 முதல் 20 மிக கனமழை, 21-க்கு மேல் அதி கனமழை.

நிறம் முழு மாவட்டத்துக்கும் போடப்படுவது. மாதவரத்தில் வெளுத்து வாங்கும், மந்தைவெளியில் வெயில் அடிக்கும். எச்சரிக்கை பொய் என்று ஒரு பாதி ஊர் சிரிக்கும். “ஓரிரு இடங்களில்” என்ற சொல்லைப் பார்க்காததால் வருவது இது. மாவட்டத்தில் உள்ள மழைமானிகளில் கால்வாசிக்கு மேல் போகாது என்பது அதன் பொருள். “ஒருசில இடங்களில்” என்றால் பாதி வரை. “பெரும்பாலான இடங்களில்” என்று வந்தால் குடையை மறக்க வேண்டாம்.

20 செ.மீ. மழை என்றால் நிஜத்தில் எவ்வளவு தண்ணீர்?

ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. மழை பெய்தால் 10 லிட்டர். 600 சதுர அடி மொட்டை மாடியில் 20 செ.மீ. பெய்தால் சுமார் 11,000 லிட்டர், ஏறத்தாழ ஒரு பெரிய தண்ணீர் லாரி. வடிகுழாய் வாயில் தென்னங்குச்சியும் பிளாஸ்டிக் பையும் அடைத்து, கைப்பிடிச் சுவர் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அந்தப் பதினொரு டன்னும் பழைய தளத்தின் மேல் நிற்கும். தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் மழைக்காலத்தில் தளம் ஒழுகத் தொடங்குவது பல நேரம் இதனால்தான். நான்கு அங்குலக் குழாய் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஒன்று அடைத்தாலும் மற்றது இழுக்கும். வலை போட்ட மூடி நல்லது, ஆனால் மழைக்கு நடுவில் அதைத் துடைக்க ஆள் வேண்டும்.

இன்னொன்று: மழை அளவு காலை 8.30-க்கு எடுக்கப்படும், முந்தைய 24 மணி நேரத்துக்கு. செய்தியில் இன்றைய தேதியோடு வரும் அளவு பெரும்பாலும் நேற்று நீங்கள் நனைந்த மழை.

கூண்டும் இல்லை, புயலும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே?

2015 டிசம்பர் 1-ம் தேதி புயல் இல்லை. மறுநாள் காலைக் கணக்கில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. 2023-ல் மிக்ஜாம் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. டிசம்பர் 5-ல் ஆந்திராவின் பாபட்லா அருகே கடந்தது. ஆனால் 3, 4 தேதிகளில் கடலோரமாக மெல்ல ஊர்ந்து போனபோது ஊரை மூழ்கடித்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படகிலும் வலையிலும் ஒட்டியது. 2025 ஆகஸ்ட் 30 இரவு மணலியில் பெய்ததோ இடிமழை. ஒரே இரவில் 27 செ.மீ. அளவுக்குப் போனது, அதில் ஒரு மணி நேரத்திலேயே பத்து செ.மீ.க்கு மேல். அப்படிப்பட்ட மேகவெடிப்புக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு வரும் உடனடி முன்னறிவிப்புதான் துணை. கூண்டு ஏறுமா என்று பார்த்துக் காத்திருந்தால் பயனில்லை.

கடல் இதோ இருக்கிறது, தண்ணீர் ஏன் வடிவதில்லை?

வடசென்னையின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே. ஓட்டேரி நல்லா ஓடை, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் என்று தண்ணீர் சுற்றிப் போய்க் கடைசியில் கடலுக்குள் இறங்க வேண்டும். கடல் தாழ்ந்திருந்தால்தான் அது இறங்கும். கடல் ஏற்றம் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். ஏற்றத்தின்போது வடிதல் மந்தப்படும் அல்லது எதிர்த்துத் திரும்பும். அதோடு கிழக்குக் காற்று கடலைக் கரை மேல் தள்ளிக்கொண்டிருந்தால் முகத்துவாரம் மூடிய கதவுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் மோசம்.

மணலி புதுநகர், சடையங்குப்பம், எண்ணூர் பக்கத்துக்காரர்கள் உள்ளூர் மழையை மட்டும் பார்த்தால் போதாது. பூண்டி ஏரி திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் வருவது இவர்கள் பக்கம். புழல் உபரியும் வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி வழியாக இங்கேதான் வந்து சேரும். மழை விட்டு, வெயில் அடித்த பிறகு வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதற்கு இதுவே காரணம். ஏரி நீர்மட்டச் செய்தியில் பூண்டி 35 அடி, புழல் 21.20 அடி முழுக்கொள்ளளவு. அதை நெருங்கினால் விநாடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பதைப் பின்தொடருங்கள்.

காற்று சட்டென்று நின்றுவிட்டது. முடிந்ததா?

புயல் நேர் மேலே கடந்தால் (7, 10) நடுவில் அதன் கண் வரும். காற்று அடங்கும், சில சமயம் வெளிச்சம்கூட வரும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையைக் கடந்தபோது இது நடந்தது. கண் போனதும் காற்று நேர் எதிர்த் திசையிலிருந்து அடிக்கும். முதல் காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து வேர் தளர்ந்த மரம் இரண்டாவதில் விழும். விழுந்த கிளையை வெட்டவும், வண்டியை நகர்த்தவும் ஆட்கள் தெருவுக்கு இறங்குவது அந்த இடைவெளியில்தான். கண்ணின் விட்டம் 20 கி.மீ., புயலின் நகர்வு மணிக்கு 15 கி.மீ. என்று வைத்தால், சரியாக நடுவில் இருப்பவருக்கு அமைதி ஒரு மணி இருபது நிமிடம். ஓரத்தில் இருப்பவருக்குப் பத்து நிமிடம்கூட இருக்காது.

படகைக் கட்டும்போது எங்கே தப்பு நடக்கிறது?

கயிற்றை இறுக்கிக் கட்டுவதில். சாதாரண நாளில் அது சரி. கடல் ஒன்றரை மீட்டர் எழுந்தால் குட்டைக் கயிறு படகை மேலே வரவிடாது. ஒன்று கயிறு அறும், இல்லை கட்டிய கொக்கி பலகையோடு பிடுங்கிக்கொண்டு வரும். நேர் மேலே உள்ள கட்டையில் கட்டாமல் தள்ளியிருக்கும் கட்டைக்குக் கயிற்றை நீட்டிக் கட்டினால், தண்ணீர் ஏறினாலும் கயிறு இடம் கொடுக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிக் கயிறு. கான்கிரீட் விளிம்பில் உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாயைப் பிளந்து சுற்றுங்கள், இல்லையென்றால் ஒரே இரவில் நைந்துவிடும். பக்கவாட்டில் டயர் இரண்டுக்கு நான்கு இருக்கட்டும். பத்து விசைப்படகை வரிசையாக ஒன்றோடொன்று பிணைத்தால் நடுவில் ஒரு கயிறு அறுந்ததும் பத்தும் சேர்ந்து ஆடும்; முடிந்தவரை சிறு சிறு கூட்டமாகக் கட்டுவதே நல்லது என்பது எங்கள் எண்ணம், இடம் கிடைப்பதுதான் பாடு.

ஃபைபர் படகென்றால் எஞ்சினையும் வலையையும் கழற்றி எடுத்துவிட்டு, படகை அலை எட்டாத மேட்டுக்கு இழுத்து, கவிழ்த்துக் கட்டுங்கள். நிமிர்த்தி வைத்த படகில் மழைநீர் நிறைந்தால் அடிப்பகுதி பிளக்கும்.

ஷீட் கூரை வீட்டுக்கு என்ன செய்யலாம்?

காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. 60 கி.மீ. காற்றைத் தாங்கிய கூரை 120-ல் நிற்கும் என்று நம்ப முடியாது. முதலில் தூக்குவது ஓரங்களையும் மூலைகளையும். அங்கே கொக்கி போல்ட் நெருக்கமாக இருக்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுகளை ஐப்பசிக்கு முன்பே மாற்றுங்கள். ஷீட் மேல் தனிச் செங்கல் வைக்கும் பழக்கம் ஆபத்து. கூரை தூக்கினால் அதுவும் சேர்ந்து பறக்கும். மணல் மூட்டைகளைக் கயிற்றால் ஜோடியாகப் பிணைத்து, கூரையின் இரு சரிவிலும் தொங்கும்படி போடலாம். காற்று வரும் பக்கத்து ஜன்னலும் கதவும் மூடியிருக்க வேண்டும். உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். எச்சரிக்கையில் காற்று 90 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் வீட்டைப் பத்திரப்படுத்துவதை விட்டுவிட்டு ஆட்கள் முகாமுக்குப் போய்விட வேண்டும்.

புயல் சென்னைக்கு 300 கி.மீ. தூரத்தில் என்றால் நேரம் இருக்கிறதுதானே?

அது மையம் வரைக்குமான தூரம். மழைப் பட்டைகள் மையத்திலிருந்து இருநூறு, முந்நூறு கி.மீ. வரை நீளும், ஆகவே மழை ஏற்கெனவே வந்திருக்கும். காற்றுக்கு மட்டும் அந்தக் கணக்கு ஓரளவு உதவும்.

ரேடார் படம் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: படத்தில் உள்ள நேரம் உலக நேரமாக இருக்கும், ஐந்தரை மணி கூட்ட வேண்டும். அந்த ரேடார் வேறெங்கும் இல்லை, ராஜாஜி சாலையில் துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் வெள்ளைக் கோளம்தான்.

கூண்டு ஏற்றினால் பள்ளிக்கு விடுமுறையா?

இல்லை. அது ஆட்சியர் முடிவு, மழையைப் பார்த்து எடுப்பது.

கூண்டை இறக்கிவிட்டார்கள். உடனே கடலுக்குப் போகலாமா?

கூண்டு இறங்கினால் துறைமுகத்துக்கு ஆபத்து நீங்கியது என்று பொருள். கடல் அடங்க மேலும் ஒன்றிரண்டு நாள் ஆகும். தூரத்தில் எழுந்த அலைகள் காற்று நின்ற பிறகும் வந்துகொண்டிருக்கும், முகத்துவாரத்தில்தான் அவை உடையும். மீனவர் எச்சரிக்கை தனி அறிக்கை. அதில் வடதமிழக கடலோரம் நீங்கியிருக்கிறதா என்று பார்த்து, மீன்வளத் துறையின் அனுமதி வந்த பிறகே கிளம்புங்கள். முதல் நாள் வெள்ளத்தில் அடித்துவந்த மரக்கட்டையும் ஆகாயத்தாமரையும் எண்ணூர் வாயில் மிதக்கும், எஞ்சின் காற்றாடியில் சிக்கும். விடியும் முன் போக வேண்டாம். கடலில் சிக்கினால் கடலோரக் காவல்படை 1554, வயர்லெஸ் கருவியில் வி.எச்.எஃப். சேனல் 16. தெருவில் தண்ணீர் என்றால் மாநகராட்சி 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.